அந்த கோட் இனி வேண்டாம், அண்ணா

அண்ணா,

நேற்று நெட்ஃபிளிக்ஸில் சொந்தமாக ஒரு கணக்கு எடுத்துவிட்டேன். இனிமேல் ராத்திரி பத்து மணிக்கு "கோட் வந்திருக்கா பாரு" என்று உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். நீ மீட்டிங்கில் இருப்பாய், இல்லை தூங்கியிருப்பாய். அனுப்புவதற்குள் அது காலாவதியாகியிருக்கும். நீ வாங்கிக் கொடுத்த டிவிதான். அதுவே இது உங்கள் வீட்டு டிவி இல்லை என்று திரையில் காட்டினால் அம்மாவுக்கு நான் என்னவென்று விளக்குவேன்?

போனில் சொல்லியிருக்கலாம்தான். மழையா, கால் வலி எப்படி, சாப்பிட்டாச்சா, வெச்சிடட்டுமா. நம் பேச்சு அதற்கு மேல் போய் எத்தனை நாளாகிறது? இங்கே எழுதினால் நீ நடுவில் வைத்துவிட முடியாது. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள் என்பதால் சில சங்கதிகளைத் தொடப்போவதில்லை. பார்த்த படங்களைப் பற்றி மட்டும்.

'சுழல்' முதல் சீசனை நீதான் பார்க்கச் சொன்னாய், நம்ம ஊர் மாதிரியே இருக்கும் என்று. மரங்களும் மூட்டமும் சரி. ஆனால் மலை ஊரில் மயானக் கொள்ளை! அம்மா எபிசோடுக்கு எபிசோடு "இது எந்த ஊர்ல நடக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அது மேல்மலையனூர்ப் பக்கத்துத் திருவிழா. மலைதான் வேண்டுமென்றால், குளிரில் வெள்ளை உடுத்திக்கொண்டு நம்ம பக்கத்துப் பேரகணிக்கு நடந்து போகும் ஹெத்தையம்மன் பண்டிகைக் கூட்டத்தை ஒருதரம் வந்து பார்த்திருக்கலாம். பார்த்திபன் இருந்ததால் கடைசி வரை உட்கார்ந்தேன்.

அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' அம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஸ்டாண்டப் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அவர் பாட ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேச்சைக் குறைச்சுட்டுப் பாடச் சொல்லு" என்றாள். என் கருத்தும் அதேதான்.

நான் எழுத வந்தது 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' பற்றி.

அது ஆஸ்கர் வாங்குவதற்கு முன்பே, 2023 பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். முக்கால் மணி நேரம்கூட வராத படம். படத்தில் வருகிற தெப்பக்காடு யானை முகாம் நம் ஜில்லாவிலேயே இருந்தும் ஒருமுறைகூட அம்மாவை அங்கே கூட்டிப்போனதில்லையே என்று நீதான் சொன்னாய். இரும்புச் சட்டியில் கரிக்கங்கு. அம்மா வர்க்கியை டீயில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டதில் கம்பளியெல்லாம் துகள். படத்தில் வெளியாள் யாரும் குறுக்கே வந்து விளக்கவில்லை, யானைக்குட்டிகளை வளர்க்கிற பொம்மனும் பெள்ளியுமே பேசுகிறார்கள் என்பது எனக்கு அப்போதே பிடித்துப்போனது. அவர்கள் வளர்த்த யானை ரகுவை அவர்களிடமிருந்து பிரித்து வேறு ஆளிடம் கொடுக்கிற இடம் வந்தது. அம்மா கையிலிருந்த வர்க்கியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அவ்ளோ நாள் வளத்தவங்களத் தேடாதா அது?"

நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "பெருசானா போகத்தாம்மா வேணும். அதுக்கு அங்க வேலை இருக்கும்."

யானைக்கு என்ன வேலை, அண்ணா?

அன்றைக்கு ஒரு அறை விட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றும். ஆனால் அதே நிமிஷம் நீ போனைக் கீழே வைத்துவிட்டு, கம்பளி ஓரத்தை அம்மாவின் பாதத்துக்கு அடியில் மடித்துச் செருகினாய். சட்டியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினாய். இன்னொரு குட்டி யானை அம்மு ரகுவைத் தேடுகிற இடத்தில் உன் முகத்தை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. மறுநாள் அம்மா எழுவதற்கு முன்பே முதல் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டாய். எழுப்பினால் அழுவாள் என்றாய். அழட்டுமே! அந்த அழுகையை யார் பார்த்துக்கொண்டிருந்தது என்று நினைக்கிறாய்?

சரி, இதை இங்கே நிறுத்துகிறேன்.

உன் வரிசையை நான் எட்டிப் பார்த்தது தப்பென்றால் மன்னித்துக்கொள். ஆனால் ஒரே கணக்கில் அது கண்ணில் படாமல் எங்கே போகும்? நீ நாலைந்து படத்தைப் பாதியில் விட்டு வைத்திருந்தாய். எல்லாம் அடிதடி, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 'மெய்யழகன்' மட்டும்தான் உறுத்தியது. அரவிந்த்சாமி கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு கார்த்தி வீட்டுக்குப் போகிற இடத்தோடு நிறுத்தியிருக்கிறாய். மாதக்கணக்கில் அந்தச் சிவப்புக் கோடு நகரவில்லை. படம் நீளம்தான், ரிலீசான பிறகு தியேட்டரிலேயே பதினெட்டு நிமிஷம் வெட்டினார்கள். ஆனால் நீ நீளத்துக்காக நிறுத்துகிற ஆள் இல்லை. 1996-ல் வீட்டைப் பறிகொடுத்துவிட்டுத் தஞ்சாவூரை விட்டுக் கிளம்புகிற குடும்பத்தை நீ எப்படிப் பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

மிச்சத்தைப் பார். விடியற்காலையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவனும் கிளம்பிவிடுவான். ஆனால் படம் அதோடு முடியவில்லை. கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று மெசேஜ் போடாதே, ஒரு வருஷத்துக்கு மேல் உனக்கு டைம் கொடுத்தாயிற்று.

கோபத்தில் எடுத்த முடிவு இல்லை இது. கொஞ்சம் கோபமும்தான். சந்தாவுக்குப் பணம் அனுப்பாதே, போன மாசம் நீ போட்டதே பேங்கில் அப்படியே கிடக்கிறது. சித்திரைக்கு வா என்று நான் கேட்கப்போவதில்லை. அம்மா கேட்பாள். பதிலை அவளிடமே சொல்லிக்கொள், என் வழியாக வேண்டாம்.

தங்கச்சி
கோத்தகிரி