எறும்புதான் மச்சான், கறையான் இல்ல

அன்பு மச்சான்,

வொய்ஸ் போட்டா நீ பாதியில நிப்பாட்டிருவன்னு தெரியும், அதான் எழுதுறேன். இங்க தலவாக்கலையில ஐப்பசி மழை பிடிச்சிருச்சு, காலையில வெயில், மத்தியானத்துக்கு மேல இடியோட ஊத்துது. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான். சின்னவன் ஓஎல் பரீட்சை எழுதணும், புத்தகத்த தவிர மத்தது எல்லாத்தையும் பாக்குறான்.

இந்தக் கூத்தும் அவன் பாத்ததுதான். பின்னுக்கு லீக்ஸ் பாத்திகிட்ட கல்லுக்கட்டு இருக்குல்ல, மழை விட்டு வெயில் வந்த ஒடனே அந்த இடுக்குல இருந்து சிறகு வச்சதுங்க கொத்துக்கொத்தா வெளிய வருது, சுத்தி சிறகில்லாததுங்க பதறி ஓடுது. பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு ஐயோ கறையான், கூரை மரமெல்லாம் போச்சுன்னு மருந்தடிக்கிற ஆள் நம்பரையும் குடுத்துட்டா, அவ அக்கறை அப்பிடி.

நாங்க ஒரு யோகட் கப்புல ரெண்ட பிடிச்சு ஃபோன் கேமராவுல பெருசாக்கி பாத்தோம். இடுப்பு அவ்வளவு மெலிசு, ஈசல்னா, அதான் சிறகு வச்ச கறையான், நெஞ்சும் வயிறும் ஒரே தடிப்பா இருக்கும். மீசை நடுவுல மடங்கியிருந்திச்சு, ஈசலுக்கு மணி கோத்த மாதிரி நேரா இருக்கும். சிறகுல முன் ரெண்டும் பெருசு, பின் ரெண்டும் சிறுசு, ஈசலுக்கு நாலும் ஒரே அளவு. அப்புறம் என்ன, எறும்புதான். வாசல் இஸ்தோப்புல சிறகு கொட்டிக் கிடக்குன்னு மட்டும் பாத்து கறையான்னு சொல்லிராத, எறும்பு ராணியும் ஜோடி சேந்த பிறகு சிறக கழட்டி போட்டுரும். ஆண் சீக்கிரமே செத்துரும், அனேக ராணிங்க மண்ணுக்குள்ள தனியா அடைஞ்சு, பறக்க வச்சிருந்த தசைய உடம்புக்குள்ளேயே கரைச்சு மொத குஞ்சுகளுக்கு ஊட்டுமாம், வெளிய இரை தேடக்கூட போகாது. கறையான்ல ராசாவும் கடைசி வரைக்கும் ராணி கூடவே இருக்கும். சின்னவன் இத கேட்டதுல இருந்து ஆண் எறும்புக்காக பரிதாபப்பட்டுக்கிட்டு திரியுறான்.

மருந்தெல்லாம் அடிக்கல, ரெண்டு நாள்ல தானா அடங்கிருச்சு.

ஆனா உன் மாமா காணியில தேயிலை காயுதுன்னியே, அதத்தான் நான் யோசிக்கிறேன். நம்ம மலைப்பக்கம் உசுருள்ள தேயிலை மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற கறையான் ஒண்ணு இருக்கு, புத்து கட்டாது, மண்ணுக்கும் வராது, அதனால வெளிய ஒண்ணும் தெரியாது. கவ்வாத்துன்னு கொப்புகள வெட்டி விட்ட எடத்துல செத்த கட்டை மிஞ்சும்ல, அது வழியாத்தான் உள்ள போகும். கவ்வாத்துல அரைகுறையா வெட்டி விட்டா இதுக்கு கதவு திறந்து குடுத்த கணக்கு. காயுற செடியில ஒரு கொப்ப குறுக்கால அறுத்து பாக்கச்சொல்லு, உள்ள பொந்தும் சின்னச்சின்ன எச்சமுமா இருந்தா அந்தக் கொப்ப அப்பிடியே பையில கட்டி குடுத்து விடு, இங்க தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்க வீட்டுல இருந்து தூரமில்ல, நான் கொண்டு போய் காட்டுறேன். அதுவரைக்கும் கண்ட மருந்தையும் வாங்கி ஊத்த வேணாம்னு மாமாகிட்ட சொல்லிரு, மரத்துக்குள்ள இருக்கிறதுக்கு மேல ஊத்தி காசுதான் கரையும்.

தீபாவளிக்கு வாறியா இல்லையான்னு மட்டும் எழுது, அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா.

உன் மச்சான்