முடி உதிர்வும் மூன்று மாதக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் முடி உதிர்வைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. கரிசலாங்கண்ணி, வெந்தயம், சின்ன வெங்காயச் சாறு எல்லாம் இருந்தன. தோல் மருத்துவரைப் பாருங்கள் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. நான் 22 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறவன். அந்த ஒரு வரியை யாரும் சொல்லாததால் பணத்தையும் வருடங்களையும் தொலைத்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். அன்று காலை சீப்பில் வந்த முடியைச் சுருட்டி வைத்திருந்தார், கோழிமுட்டை அளவுக்கு. "அண்ணே, நல்ல எண்ணெயா ஒண்ணு கொடுங்க" என்றார். விசாரித்ததில், டெங்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

காய்ச்சலோ பிரசவமோ பெரிய ஆபரேஷனோ உடம்பை உலுக்கினால், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும். ஆனால் உடனே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதற்குள் காய்ச்சலே மறந்துபோயிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் அது தானாகவே நின்று முடி திரும்ப முளைக்கும். இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருந்தால் அதைச் சரிசெய்தாக வேண்டும். நடுவில் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும் நல்ல பெயர் எண்ணெய்க்குப் போய்விடுகிறது! அந்தப் பெண்ணுக்கு நான் எதையும் விற்கவில்லை. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பினேன்.

ஆண்களுக்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் ஏறிக்கொண்டே போகும் வழுக்கை வேறு. பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து முடிவேரைச் சுருக்கிக்கொண்டே வரும். காத்திருந்தால் அதிகமாகத்தான் ஆகும். இதற்கு நன்றாகச் சோதிக்கப்பட்டு, பல வருடம் புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு மருந்துகள். ஒன்று மினாக்சிடில். முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்வதைப் பார்த்து, தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988இல் அமெரிக்கா அனுமதித்தது. இன்னொன்று ஃபினாஸ்டரைடு மாத்திரை. ஆண்களின் வழுக்கைக்கு 1997இல் அங்கே அனுமதி கிடைத்தது. சிலருக்குப் பாலுணர்வு குறையலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் எடுக்கிற மருந்து இல்லை இது.

மினாக்சிடில் விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். சமீபத்தில் ஒரு தம்பி மூன்றாவது வாரத்திலேயே பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இது போட்டப்புறம்தான் ரொம்பக் கொட்டுது" என்றார். தொடக்கத்தில் சில வாரம் அப்படிக் கொட்டுவது வழக்கம்தான். பழைய முடி உதிர்ந்து புது முடிக்கு வழி விடுகிறது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் வந்தது போய்விடும். இதை முதல் நாளே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். அப்புறம், வீட்டில் பூனை இருந்தால் கவனம். தலையணையில் ஒட்டிய மருந்தை அது நக்கினால்கூட உயிருக்கு ஆபத்து.

புழுவெட்டுக்குப் பெயர்தான் அப்படி. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. சிறு வட்டங்களுக்கு மருத்துவர் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். தலை முழுக்கப் போனவர்களுக்குக்கூட இப்போது வழி இருக்கிறது: பாரிசிட்டினிப் மாத்திரைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

முடி நடுவது ஓர் அறுவை சிகிச்சை. 2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த இடத்துக்கு சலூன் உரிமம் மட்டுமே இருந்ததாகச் செய்திகள் வந்தன. படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்தானா, மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். அரசு மருத்துவக் கல்லூரித் தோல் மருத்துவர் ஒருவரை இதே இணைப்பிதழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அடுத்து, நமது மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது. நான் மேலே சொன்ன இரண்டு வழுக்கை மருந்துகளும்கூட அதைக் கட்டுப்படுத்துபவைதாம், குணப்படுத்துபவை அல்ல. '30 நாளில் வழுக்கையில் முடி' என்று அடுத்த விளம்பரம் உங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்