முழு வருகைப் பரிசை நிறுத்திவிடுங்கள், சிஸ்டர்

அன்புள்ள சிஸ்டர்,

இயேசுவுக்கே புகழ். நீங்கள் முதல்வராக வந்து ஒரு பருவம்கூட முடியவில்லை, அதற்குள் இவள் பொதுவில் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். நேரில் வந்தும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் முழு வருகைப் பரிசு நம் பள்ளியோடு முடிகிற விஷயம் இல்லை, பெற்றோரும் மற்றப் பள்ளி ஆசிரியர்களும் படித்தால் நல்லது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

16 குளிர்காலமாகக் காலை சப்ஸ்டிடியூஷன், அதாவது வராத ஆசிரியருக்குப் பதில் ஆள், போடுகிறவள் நான். டிசம்பர் பிறந்துவிட்டால் ஐந்தரை மணிக்குப் போன் அடிக்க ஆரம்பிக்கும். தொண்டை கட்டிப்போன குரலில் ஒருவர் ‘டீச்சர், இன்னைக்கு முடியல’ என்பார், அப்புறம் இன்னொருவர், ஆறரைக்குள் நோட்டில் ஐந்து பெயர் ஏறிவிடும், அந்த ஐந்து பேருடைய எல்லாப் பீரியடுக்கும் முதல் மணி அடிப்பதற்குள் ஆள் பிடித்தாக வேண்டும். லைப்ரரியைக் கவனிக்கிறவர் ஒரு வகுப்புக்குப் போவார். இரண்டு பிரிவை ஹாலில் சேர்த்து உட்கார வைப்போம். உங்களுக்கு முன்பிருந்த சிஸ்டர் ஒரு வாரம் முழுக்க மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடத்தினார், அலுவலகக் கோப்புகளை அங்கேயே கொண்டுபோய் பார்த்தார். எல்லாரும் சிரித்த முகத்தோடு போனார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஃப்ரீ பீரியட் போனால் யாருக்கும் வருத்தம்தான். ஆனாலும் போனார்கள், போகிறவர்களால்தான் பள்ளி நடக்கிறது.

ஒவ்வொரு ஆசிரியருடைய டிராயரிலும் ஓர் உறை இருக்கும், பார்த்திருப்பீர்கள். மூன்று நாளுக்கான வேலை அதில் இருக்கும். வகுப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் வந்தாலும் பிரித்துப் படித்து நடத்தலாம்; எந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி மறந்துபோகும், எந்த இருவரைச் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது என்பதுவரை எழுதியிருப்போம். ஒரு வருடம் காய்ச்சலோடு ஒரு டீச்சர் நடுராத்திரிவரை உட்கார்ந்து மறுநாள் பாடக்குறிப்பு எழுதி அனுப்பினார். அதைக் காலையில் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. படுத்துக் கிடக்க வேண்டியவரை நாம்தானே எழுத வைத்தோம்? அந்த வாரமே இந்த உறை வழக்கத்தைத் தொடங்கினோம். உடம்பு நன்றாக இருக்கும்போது எழுதி வைத்துவிட்டால், முடியாத நாளில் ஒரு போனோடு கடமை முடிந்தது. இதை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்.

சரி, பரிசு விஷயத்துக்கு வருகிறேன்.

வருடக் கடைசியில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைகளை மேடையில் ஏற்றிச் சான்றிதழ் கொடுக்கிறோம். நானும் பல வருடம் கை தட்டியவள்தான். சில வருடங்களுக்கு முன் காலை அசெம்பிளியில், ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு சிறுவன் வாந்தி எடுத்தான். கூட்டிக்கொண்டு போய் முகம் கழுவி உட்கார வைத்தால், ‘மிஸ், வீட்டுக்கு அனுப்பாதீங்க, என் சர்ட்டிபிகேட் போயிடும்’ என்று அழுகிறான். இரவே இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறான், அம்மாவிடம் கெஞ்சி வந்திருக்கிறான். மூன்றாம் நாள் அவன் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி, எங்களில் மூன்று பேர் படுக்கையில். நானும் படுத்தேன். அந்தப் பையன்மேல் எனக்கு இன்றுவரை ஒரு துளி கோபம் இல்லை. நாம் மேடையில் எதைப் பாராட்டினோமோ அதைத்தான் அவன் செய்தான்.

இந்த வாந்தி நோய்க்குப் பெரும்பாலும் காரணம் நோரோவைரஸ். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும். அன்று வாசலுக்கு வாசல் சானிடைசர் பாட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம், ஆனால் ஆல்கஹால் சானிடைசர் இந்த வைரஸிடம் சரியாகப் பலிக்காது. சோப்புப் போட்டு 20 விநாடி ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், வாந்தி பட்ட இடத்தைப் பிளீச் போட்டுத் துடைக்க வேண்டும், கடைசி வாந்திக்கு அப்புறமும் 48 மணி நேரம் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். ‘நேத்து ராத்திரியோட நின்னுடுச்சு மிஸ்’ என்று வருகிற பிள்ளைக்கு இன்னும் ஒரு நாளுக்குமேல் பாக்கி இருக்கிறது.

ஃப்ளூ வேறு மாதிரி. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், அப்புறம் ஐந்து முதல் ஏழு நாள்வரை பரவும், சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் கொஞ்சம் நீளும். முதல் நாளை நம்மால் தடுக்க முடியாது. மீதி நாட்களையாவது தடுக்கலாமே! காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வரலாம் என்று விதி இருக்கிறது, சுற்றறிக்கையிலும் போடுகிறோம். ஆனால் காலை ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் அது நாலைந்து மணி நேரம்தான் தாங்கும். பதினோரு மணிக்குக் கன்னம் சிவந்து, டெஸ்க்கில் தலை சாய்த்துக் கிடக்கிற பிள்ளையை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் தெரியுமா?

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடும் என்கிற வீடுகள் நம் பள்ளியில் நிறைய. அந்த அம்மாக்களிடம் விதியை மட்டும் காட்டினால் போதாது. நோயில்லாத தங்கையைப் பள்ளிக்குக் கூட்டி வர ஒருவர், வீட்டுப்பாடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போக ஒருவர் என்று போன வருடம் சில பெற்றோர் தாங்களாகவே பிரித்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகச் செய்தார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லா வகுப்பிலும் அது பரவும்.

வகுப்பறை ஜன்னலையும் சொல்லியாக வேண்டும். குளிருக்குப் பயந்து நாள் முழுக்கச் சாத்தியே வைத்தால் முப்பது பேர் விட்ட மூச்சையே முப்பது பேரும் இழுத்துக்கொண்டிருப்போம். காற்று குளிர்ந்து வறண்டிருந்தால் ஃப்ளூ வைரஸ் அதிக நேரம் தாக்குப்பிடிக்கவும் செய்யும். ஒவ்வொரு பீரியடுக்கு இடையிலும் ஐந்து நிமிடம் முழுசாகத் திறந்துவிட்டால் போதும், பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள்.

நம் திருச்சபை இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது, சிஸ்டர். ஞாயிறு திருப்பலி (பூசை) கடமை என்று சொல்கிற அதே கத்தோலிக்க மறைக்கல்வி நூல், 2181ஆம் எண்ணில், நோய், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போன்ற தக்க காரணம் இருந்தால் விலக்கு உண்டு என்கிறது. திருப்பலிக்கே விலக்கு இருக்கும்போது கணக்கு வகுப்புக்குக் கிடையாதா? 1576இல் மிலானில் கொள்ளை நோய் வந்தபோது, அந்நகரப் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திப்புகளில் பீடம் அமைத்துத் திருப்பலி நடத்த வைத்தார். மக்கள் வீட்டை விட்டு வராமல் ஜன்னல் வழியாகவே பங்கெடுத்தார்கள். ‘எப்படியாவது வந்துவிடு’ என்று அவர் சொல்லவில்லை, பீடத்தைத் தெருவுக்குக் கொண்டுபோனார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

மாதத்தின் முதல் வெள்ளித் திருப்பலியிலும் காய்ச்சல் காலத்தில் கை குலுக்காமல் கைகூப்பிச் சமாதானம் சொல்லலாம், தொட்டியில் தீர்த்தம் வைக்காமல் இருக்கலாம், திராட்சை இரசம் இல்லாமல் அப்ப வடிவில் மட்டும் நற்கருணை கொடுக்கலாம். அப்பத்தில் மட்டும் வாங்கினாலும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறோம் என்று மறைக்கல்வி வகுப்பில் நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

சான்றிதழுக்குப் பதிலாக என்ன என்று கேட்பீர்கள். பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள், உலக நோயாளர் தினம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992இல் ஏற்படுத்தியது, 1993 முதல் கொண்டாடுகிறோம். அன்று ஒவ்வொரு வகுப்பும், அந்தக் குளிர்காலத்தில் படுத்து எழுந்தவர்களுக்கும் இன்னும் படுத்திருக்கிறவர்களுக்கும் கையால் எழுதிய அட்டை கொடுக்கட்டும். ஆசிரியர்கள், ஆயாக்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும். பீடத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கலாம், என்ன நோய் என்று மட்டும் சொல்ல வேண்டாம், சில வீடுகளில் அது தெரியக் கூடாது என்று நினைப்பார்கள். ‘நோயுற்றிருந்தேன், என்னைக் கவனித்துக் கொண்டீர்கள்’ என்ற வசனத்தை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதை ஒரு நாள் பென்சிலால் எழுதியும் பார்க்கட்டும்.

இந்த வருடச் சான்றிதழ்கள் ஜனவரி முதல் வாரத்தில் அச்சுக்குப் போகும். அலுவலகத்தில் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது, விடுமுறைக்கு முன்பே நிறுத்தச் சொன்னால் வசதியாக இருக்கும். அட்டைக்கான தாள் ஸ்டாஃப் ரூம் அலமாரியில், கீழ்த்தட்டில் போதுமான அளவு இருக்கிறது, நேற்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

அன்புடன்,
சப்ஸ்டிடியூஷன் நோட்டு வைத்திருக்கும் டீச்சர்