விருது அறிவித்த வாரத்தில் படம் எங்கே ஓடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருது வாங்கிய படங்களை ஏன் யாரும் பார்ப்பதில்லை, விருதால் ஒரு படத்துக்கோ ஒரு வீடியோ கேமுக்கோ நாலு காசு கூடுதலாகக் கிடைக்குமா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் சில நாட்களாகப் பேச்சு நடக்கிறது. நம் ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பாளையங்கோட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் முதலில் சி.டி. வாடகைக் கடை வைத்திருந்தோம். இப்போது அதே கடையில் டி.வி.களும் பிளேஸ்டேஷனும் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று கேம் விளையாட விடுகிறோம். யார் எந்தப் படத்தைக் கேட்டு வந்தார்கள், எந்தப் பையன் எந்தக் கேமைப் போடச் சொன்னான் என்று கல்லாவில் உட்கார்ந்து பார்த்தே என் பாதி வயசு போயிருக்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன், ஜனங்கள் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

சி.டி. காலத்தில், டி.வி.டி. அட்டையில் இரண்டு பக்கமும் இலைக்கொத்து வளைந்து நிற்க, நடுவில் தேசிய விருது என்று அச்சடித்திருப்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், பழைய இடத்திலேயே சொருகிவிடுவார்கள். "யக்கா, அவார்டு படம்லாம் வேண்டாம், பிள்ளைய தூங்கிரும். சிரிப்புப் படம் ஏதும் இருந்தா குடுங்க" என்பார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் வயசுக்காரர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். வங்காளம், அசாம், ஒரியா, எப்போதாவது நம் முறை வந்தால் தமிழ். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தெரியாத பாஷையில், வாசிக்க முடியாத எழுத்தோடு பார்த்தால் யாருக்குத்தான் கண் சொக்காது? அவற்றில் எத்தனையோ அருமையான படங்கள் உண்டு. ஆனால் அவார்டு படம் என்றால் மெதுவாகப் போகும், புரியாது என்று வீட்டுக்கு வீடு பேர் விழுந்துவிட்டது. பின்னால் நம் பாஷையில், நம் பேச்சில் வந்த படங்களும் அந்தப் பழைய பேரைத்தான் சுமந்தன.

இந்த நிலைமையிலும் விருது வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2013 ஆகஸ்டில் வந்த 'தங்க மீன்கள்' படத்துக்கு மறுவருஷம் சிறந்த தமிழ்ப் படம், பாடல், குழந்தை நட்சத்திரம் என்று மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. அதன் டி.வி.டி. எங்கள் அலமாரியில் தொடுவாரில்லாமல் கிடந்தது. பாபநாசம் ரூட்டில் ஓடும் கண்டக்டர் ஒருவர் வழக்கமாக வருவார், சண்டைப் படம் தவிர எதையும் தொடமாட்டார். விருது வாங்கிய அந்தச் சின்னப்பிள்ளையின் படத்தைப் பேப்பரில் பார்த்திருக்கிறார். அவர் வீட்டிலும் அதே வயசில் ஒரு பெண். அதற்காகவே கேட்டு எடுத்துப் போனார். திருப்பிக் கொடுக்க வந்தபோது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஆளிடம், முன்பின் தெரியாதவரிடம், "பொம்பளப் பிள்ளை வச்சிருக்கவன் எவனா இருந்தாலும் இதைப் பாக்கணும்வே" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் அதே டி.வி.டி.யை உடனே வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அது அலமாரியில் தங்கவே இல்லை. விருது ஒரே ஓர் ஆளின் கைவரைக்கும் படத்தைக் கொண்டுவந்தது. மிச்சத்தை அந்த ஆளின் வாய் பார்த்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் படம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. வாசகர் பக்கத்தில் எழுதியவர்கள் யாரும் யோசிக்காத விஷயம் இதுதான்.

2015 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். ஒரே அறிவிப்பில் 'காக்கா முட்டை' படத்துக்கும் 'குற்றம் கடிதல்' படத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. இரண்டும் அப்போது தியேட்டருக்கே வரவில்லை. அதாவது விருதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இரண்டும் ஜனங்கள் முன்னால் வந்தன. ஜூனில் வந்த 'காக்கா முட்டை' அமோகமாக ஓடியது. போஸ்டரில் தனுஷ் பேரும் வெற்றிமாறன் பேரும் இருந்தன, பீட்சாவுக்கு ஏங்கும் இரண்டு பொடியன்கள் டிரெய்லரிலேயே எல்லார் மனசையும் பிடித்துவிட்டார்கள். குடும்பம் குடும்பமாகப் போனோம். செப்டம்பரில் வந்த 'குற்றம் கடிதல்' புது இயக்குநர் பிரம்மாவின் படம். ஒரு டீச்சர் ஒரு பையனை அடித்துவிடுகிறார், அவன் மயங்கி விழுகிறான், அந்த ஒரு நாளில் அந்த டீச்சர் படுகிற பாடுதான் கதை. எங்கள் பாளையங்கோட்டையில் தெருவுக்கு நாலு டீச்சர் இருக்கிறார்கள். அவர்களைவிட அந்தப் படத்தைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் யார்? எனக்குத் தெரிந்த டீச்சர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு படம் வந்ததே தெரியாது. இரண்டுக்கும் கிடைத்தது தேசிய விருதுதான். ஒன்றுக்கு நம்பிக்கையான பேர் முன்னால் நின்றது, இன்னொன்றுக்கு நிற்கவில்லை.

பேர் என்றால் பெரிய நடிகர் பேர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 2018 செப்டம்பர் கடைசியில் மணிரத்னத்தின் 'செக்கச்சிவந்த வானம்' வந்த மறுநாள் 'பரியேறும் பெருமாள்' வந்தது. மாரி செல்வராஜுக்கு அதுதான் முதல் படம். எங்கள் மண்ணின் கதை, சட்டக் கல்லூரிக்குப் படிக்க வந்த பையனின் கதை. முதல் இரண்டு நாள் கடையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு கல்லூரிப் பையன்கள் கேமை நிறுத்தி வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். அந்தக் கண்ணாடி டம்ளர் காட்சியை ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தபோது மற்றவன், "சொல்லாதல, நான் நாளைக்குப் போறேன்" என்று காதைப் பொத்திக்கொண்டான். அந்தப் படத்துக்கு எந்தத் தேசிய விருதும் கிடைக்கவில்லை. அந்த வருஷத்துச் சிறந்த தமிழ்ப் படம் என்று 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது 'பாரம்'. அதுவும் எங்கள் தென்மாவட்டங்கள் வெளியில் சொல்ல வெட்கப்படுகிற தலைக்கூத்தலைப் பற்றிய படம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கும் வழக்கம். எத்தனை வீடுகளில் பேசாமல் புதைத்து வைத்திருக்கிறார்கள்! விருது அறிவித்த பிறகு ஆறு மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில்தான் அது தியேட்டருக்கு வந்தது. இயக்குநர் மிஷ்கின் தானே தெருவில் இறங்கி அதற்குப் போஸ்டர் ஒட்டினார். அப்படியும் நிற்கவில்லை. மார்ச்சில் கொரோனா வந்து தியேட்டர்களையே மூடிவிட்டார்கள். தலைக்கூத்தலைப் பற்றி ஊரே உட்கார்ந்து பேச ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, அதைத் தவறவிட்டுவிட்டோம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

2024 ஆகஸ்ட் 23 இன்னும் தெளிவாகக் காட்டிவிட்டது. ஒரே நாளில் மாரி செல்வராஜின் 'வாழை'யும், பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் வந்தன. 'வாழை'க்கு ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். 'கொட்டுக்காளி' சீக்கிரமே போய்விட்டது. ஆனால் வினோத்ராஜின் முந்தைய படமான 'கூழாங்கல்' 2021-லேயே ரோட்டர்டாம் பட விழாவில் முதல் பரிசான டைகர் விருது வாங்கியது. இந்தியா சார்பில் ஆஸ்கருக்கும் போனது. அந்தப் படத்தை அப்போதே நம் ஊர்த் தியேட்டரில் காட்டியிருந்தால், பொட்டல் வெயிலில் நடக்கும் அந்த அப்பனையும் மகனையும் பெரிய திரையில் பார்த்த நாலு பேராவது ஊருக்குள் பேசியிருப்பார்கள். மாரி செல்வராஜுக்கு இருக்கிற பேர் வினோத்ராஜுக்கும் வேர்விட்டிருக்கும். 2023 அக்டோபரில் சோனி லிவ் ஓ.டி.டி.யில் வந்ததோடு சரி. பரிசுக்கும் பார்வைக்கும் நடுவில் இரண்டரை வருஷத்துக்கு மேல்.

கேம் பக்கம் வாருங்கள், கதையே வேறு. என் கடைக்கு வரும் பையன்கள் முக்கால்வாசிப் பேர் கால்பந்தும் ஜி.டி.ஏ.யும்தான் கேட்பார்கள். விருதெல்லாம் அவர்கள் கணக்கில் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2021 டிசம்பரில், வீடியோ கேம்களுக்கு விருது கொடுக்கும் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கேமாக 'இட் டேக்ஸ் டூ' வந்தது. சுவீடனில் ஒரு சின்ன ஸ்டுடியோ செய்தது. அதை இயக்கிய ஜோசப் ஃபாரஸ் முன்னால் சினிமா இயக்குநராக இருந்தவர். பிரியப்போகும் அப்பாவும் அம்மாவும் பொம்மைகளாக மாறி, மகளுக்காகச் சேர்ந்து பாடுபடும் கதை. தனியாக விளையாடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். அந்த வாரமே ஒரு பையன் வந்து, "யக்கா, அவார்டு வாங்கின கேம் ஒண்ணு இருக்காம்லா, இருக்கா?" என்றான். வாங்கிப் போட்டேன். அண்ணனும் தங்கையும் ஒருநாள் உட்கார்ந்தார்கள். டி.வி. நடுவில் கோடு விழுந்து, ஆளுக்குப் பாதி. தங்கச்சி ஆணி அடித்துக் கொடுக்க வேண்டும், அண்ணன் அதில் தொங்கித் தாண்ட வேண்டும். "இப்ப அடி... இப்ப! நீ அடிக்காம நான் எப்படிப் போவேன்?" என்று அவன் கத்த, அவள் விழுந்து விழுந்து சிரிக்க, கூட்டிக்கொண்டு போக வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பார்த்தார். ஒருவர் வாங்கினால் போதும், கூட விளையாடும் நண்பர் காசு கொடுக்க வேண்டாம் என்று ஒரு வசதியும் அதில் இருக்கிறது. 2023 தொடக்கத்தில் ஒரு கோடி பிரதி தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள்.

விருதே இல்லாமல் ஜெயித்ததும் உண்டு. 'அமாங் அஸ்' என்ற கேம் 2018-லேயே வந்தது, சீண்டுவாரில்லை. 2020-ல் ஊரடங்கில் யூடியூபிலும், கேம் ஆடுவதை நேரலையாகக் காட்டும் ட்விச் தளத்திலும் நாலு பேர் விளையாடிக் காட்ட, உலகமே விளையாடியது. விருது அந்த வருஷக் கடைசியில்தான் வந்தது. மதிப்பெண்ணால் வயிற்றில் அடிவாங்கிய கதையும் இருக்கிறது. 2010-ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமுக்கு விமர்சன மதிப்பெண்களைத் தொகுத்துப் போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி 85 வந்தால் செய்தவர்களுக்குப் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் கிடையாது. ஒரு மார்க்கில் போன அந்தப் பணத்தை நினைத்தால் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பும் எனக்கே வயிறு எரிகிறது.

ஆனால் கேமில் ஒன்று சரியாக நடக்கிறது. தி கேம் அவார்ட்ஸ் விழா டிசம்பரில். அந்த வருஷம் வந்த கேம்களுக்கு அந்த வருஷமே விருது. பேர் அறிவித்த இரவே ஆன்லைன் கடைகளில் அதை முன்வரிசையில் வைத்து, பெரும்பாலும் விலையையும் குறைத்து விற்கிறார்கள். கைத்தட்டல் அடங்குவதற்குள் வாங்கிவிடலாம். நம் சினிமாவில்? 2023 டிசம்பரில் வந்த 'பார்க்கிங்' படத்துக்குத் தேசிய விருது அறிவித்தது 2025 ஆகஸ்டில். எம்.எஸ்.பாஸ்கருக்கும் விருது கிடைத்தது என்று பேப்பரில் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தையல் கடை அக்கா, "எந்தத் தியேட்டர்ல ஓடுது? சாயங்காலம் போவமா?" என்று கேட்டாள். ஒரு தியேட்டரிலும் இல்லை என்றதும் அவள் முகம் போன போக்கு! அவளிடம் ஓ.டி.டி. கிடையாது. டிக்கெட் காசு கையில் தயாராக இருந்தது. இவளுக்கா ரசனை இல்லை?

மாநில அரசு விருதுகளின் கதை இதைவிட மோசம். 2009 முதல் 2014 வரை வந்த படங்களுக்கு 2017 ஜூலையில் மொத்தமாக அறிவித்தார்கள். கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். 2009-ன் சிறந்த படமாக அதில் வந்தது 'பசங்க'. அதில் நடித்த பிள்ளைகள் எல்லாம் அதற்குள் வாலிபர்களாகிவிட்டார்கள். இப்படிக் கொடுத்தால் அந்த விருதை வைத்து ஒரு டிக்கெட்டாவது விற்குமா?

ஆகவே உங்கள் மூலமாகக் கேட்கிறேன். விருதுப் பட்டியலை அச்சிடும்போது அந்தப் படத்தை இப்போது எங்கே பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், அந்த ஒரு வரியைத்தான் ஜனங்கள் தேடுகிறார்கள். மாநில விருது அந்தந்த வருஷமே வர வேண்டும் என்று தலையங்கம் எழுதுங்கள். திருநெல்வேலி, பாளையங்கோட்டைத் தியேட்டர்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தமிழ்ப் படத்துக்குத் தேசிய விருது அறிவித்தால் அந்த வாரமே அதைத் திரும்பப் போடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத காலைக் காட்சி வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் மாலைக் காட்சி, சின்னத் திரையாக இருந்தாலும் போதும். போஸ்டரை என் கடைக் கண்ணாடியில் நானே ஒட்டுகிறேன். தையல் கடை அக்காவும், எங்கள் தெரு டீச்சர்களும், கேம் விளையாட வரும் பையன்களின் அம்மாமார்களும் சேர்ந்து முதல் நாள் இரண்டு வரிசைக்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
சமாதானபுரம், பாளையங்கோட்டை.