டிசம்பர் மாதத்துப் பணிநீக்கங்கள்: மேசை விளையாட்டு நிறுவனங்களின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பலகை விளையாட்டுகளையும் சீட்டு விளையாட்டுகளையும் கதாபாத்திர விளையாட்டுகளையும் வெளியிடும் நிறுவனங்களின் தலைவர்களுக்கும், அந்த நிறுவனங்களை வாங்கி விற்கும் பெருங்குழுமங்களின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் பங்குதாரர் இல்லை. உங்களிடம் வேலை பார்த்தவனும் இல்லை. பல ஆண்டுகளாக உங்கள் விளையாட்டுகளை வாங்கி, நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்து, விதிகளைச் சொல்லிக்கொடுத்து ஆட்டத்தை நடத்திவருபவன். ஒருவர் வாங்கும் பெட்டியை நான்கைந்து பேர் விளையாடுகிறார்கள். அவர்களில் யாரோ ஒருவர் அடுத்த பெட்டியை வாங்குகிறார். உங்கள் தொழில் பரவும் வழி இது. அந்த வழியில் நிற்பவன் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். லாபம் ஈட்டித்தந்தவர்களை, வேறு எங்கோ வேறு யாரோ உண்டாக்கிய நட்டத்துக்கு ஈடாக வேலையைவிட்டு அனுப்புவதை நிறுத்துங்கள்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 11 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது, அமெரிக்கப் பொம்மை, விளையாட்டுக் குழுமமான ஹாஸ்ப்ரோ சுமார் 1,100 பேரை வேலையைவிட்டு நீக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டில் ஏற்கெனவே ஏறத்தாழ 800 பேர் போயிருந்தார்கள். நீக்கப்பட்டவர்களில் அதன் துணை நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டில் பணியாற்றியவர்களும் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டு, மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டு ஆகியவற்றை உருவாக்கியும் திருத்தியும் வந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் விசார்ட்ஸும் மின்னணு விளையாட்டுகளும் அடங்கிய பிரிவின் வருவாய் 40 விழுக்காடு உயர்ந்திருந்தது. குழுமத்தில் சரிந்துகொண்டிருந்தவை பொம்மை விற்பனையும் திரைப்படத் தொழிலும்தான். 2019-ல் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து வாங்கிய என்டர்டெயின்மென்ட் ஒன் என்ற நிறுவனத்தின் திரைப்பட, தொலைக்காட்சித் தொழிலை 2023-ல் ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்புக்கு லயன்ஸ்கேட் என்ற திரைப்பட நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள். அந்த ஆண்டின் நிகர நட்டம் ஏறத்தாழ 150 கோடி டாலர்.

அந்தத் திரைப்பட நிறுவனத்தை வாங்கலாம் என்று முடிவெடுத்த அறையில், சீட்டில் அச்சாகும் ஒரு வரியைச் செப்பனிடும் பதிப்பாசிரியர் இருந்திருக்க மாட்டார். அரக்கனுக்கு உருவம் கொடுக்கும் ஓவியரை யாரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த முடிவுக்குத் தங்கள் வேலையை விலையாகக் கொடுத்தவர்கள் மட்டும் அவர்கள். பங்குதாரர்களுக்கோ 2023-ன் எல்லாக் காலாண்டுகளிலும் பங்கு ஒன்றுக்கு 70 சென்ட் ஈவுத்தொகை குறையாமல் போய்க்கொண்டிருந்தது. பணம் தட்டுப்பாடான ஆண்டில் எந்தச் செலவைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நீங்கள் தீர்மானித்திருந்தீர்கள். அந்த வரிசையை மாற்றச் சொல்லித்தான் கேட்கிறேன்.

அறிவிப்புக்கு நான்கு நாட்கள் முன்பு, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகத்தை வைத்து லேரியன் நிறுவனம் உருவாக்கிய பால்டர்ஸ் கேட் 3, ஆண்டின் சிறந்த கணினி விளையாட்டு விருதை வாங்கியது. அந்த நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் விங்கே பின்னர் வருத்தத்தோடு ஒன்றைச் சொன்னார்: திட்டத்தைத் தொடங்கியபோது தங்களோடு கூட்டத்தில் அமர்ந்திருந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குழுவினரில் ஏறக்குறைய ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை என்று. வெளியில் இருந்து வந்த ஒரு கூட்டாளிக்குத் தெரிந்த இழப்பு, உள்ளே இருந்த உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

இது ஒரே ஒரு நிறுவனத்தின் ஒரே ஒரு தவறு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம், கடனில் மூழ்கிய 1996 டிசம்பரில் ஆட்களை நீக்கியது. டிஎஸ்ஆரைப் பின்னர் வாங்கிய விசார்ட்ஸில், அது ஹாஸ்ப்ரோவின் கைக்கு வந்தபின், 2000 டிசம்பரில் ஒரு சுற்றுப் பணிநீக்கம் நடந்தது. 2008 டிசம்பரில் இன்னொன்று. அதில் அந்த விளையாட்டின் மூன்றாம் பதிப்பை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜோனதன் ட்வீட்டும் போனார். ஆண்டுக் கணக்கை முடிக்கும் மாதம் என்பதால் டிசம்பர் உங்களுக்கு வசதியாக இருக்கலாம். வீட்டில் பண்டிகைக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கும்போது வேலை போய்விட்டது என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவருக்கு அந்த மாதம் எப்படி இருக்கும் என்பதை உங்களில் யாராவது ஒருமுறையாவது கூட்டத்தில் எழுப்பியிருக்கிறீர்களா?

2025 பிப்ரவரியில் விசார்ட்ஸ், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கணினியில் விளையாடுவதற்கான சிஜில் என்ற முப்பரிமாண மெய்நிகர் மேசையை வெளியிட்டது. பல ஆண்டு உழைப்பு. மார்ச்சில் அதைச் செய்த குழுவில் சுமார் 30 பேர், அதாவது பெரும்பாலோர், வெளியே அனுப்பப்பட்டார்கள். வெளியான சில வாரங்களுக்குள் ஒரு பொருளின் விதியை முடிவுசெய்துவிட முடியும் என்றால், அதைத் தொடங்கும்போதே யாரோ தவறாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கணக்கிட்டவர் பதவியில் இருக்கிறார், கட்டியவர் தெருவில் நிற்கிறார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீக்கப்படுகிறவர் தன் மேசையை மட்டும் காலிசெய்துவிட்டுப் போவதில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் கணக்குத் தாளில் அது வராது.

மேஜிக் விளையாட்டில் இதுவரை வெளியான தனித்தனிச் சீட்டுகள் 25,000-க்கும் மேல். புதிதாக எழுதும் ஒரு சீட்டின் வாசகம் அவை அனைத்தோடும் மோதாமல் இருக்க வேண்டும். ஒரு வினைச்சொல் இடம் மாறினால், இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஏதோ ஒரு சீட்டோடு சேர்ந்து முடிவில்லாத சுழற்சி ஒன்று உருவாகி, போட்டிகள் பாழாகிவிடும். அப்படி நடக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கண்ணை எந்தப் பயிற்சி வகுப்பிலும் வாங்க முடியாது. கதாபாத்திர விளையாட்டுகளிலும் இதே நிலைதான். ஒரு மந்திரத்தின் எல்லை ஏன் முப்பது அடி, ஏன் அறுபது இல்லை என்பதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சோதனை ஆட்டங்கள் இருக்கின்றன. அதில் எது தோற்றது, எந்த யோசனை ஏற்கெனவே முயன்று கைவிடப்பட்டது என்பதெல்லாம் விதிநூலில் அச்சாவதில்லை. எழுதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் போனால், அடுத்து வருபவர் அதே குழியில் மறுபடி விழுந்து எழ வேண்டும். மேசையில் ஆட்டத்தை நடத்தும் எங்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். பிழைதிருத்தப் பட்டியல் நீளும். முன்பு ஒரு பத்தியில் தெளிவாக இருந்த விதிக்கு மூன்று பக்கம் புரட்ட வேண்டிவரும். ஆட்டம் நடுவில் நிற்கும்.

வேலையில் இருப்பவர்களின் நிலைக்கு வருகிறேன். இந்தத் துறையில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் உங்கள் ஊழியர்கள்கூட இல்லை. சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று கூலி வாங்கும் ஃப்ரீலான்சர்கள். வாழ்க்கைச் செலவு ஏறிய வேகத்தில் அந்தக் கூலி ஏறவில்லை. அதையும் பல இடங்களில் கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்த நாளில் கொடுப்பதில்லை, புத்தகம் வெளியான பிறகே கொடுக்கிறார்கள். வெளியீடு ஓராண்டு தள்ளிப்போனால் கூலியும் ஓராண்டு தள்ளிப்போகிறது. தாமதத்துக்குக் காரணம் அச்சகமோ கப்பலோ உங்கள் விற்பனைத் திட்டமோ, பட்டினி எழுத்தாளருக்கு. மருத்துவக் காப்பீடு கிடையாது. பதிப்புரிமையும் பெரும்பாலும் நிறுவனத்துக்கே. அவர் உருவாக்கிய பாத்திரம் பத்தாண்டு கழித்துப் பொம்மையாகவும் படமாகவும் வந்தால், அதில் ஒரு சென்ட் அவருக்கு வராது.

இவர்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில், விளையாட்டின் மேல் உள்ள காதல். உண்மைதான். ஆனால் அந்தக் காதலை ஊதியத்தில் கழித்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? கிடங்கில் பெட்டி கட்டுபவரும், வாடிக்கையாளர் சேவையில் திட்டு வாங்குபவரும், கண்காட்சி அரங்கில் நான்கு நாள் நின்றபடியே அதே விளையாட்டை விளக்கிச் சொல்பவரும் இந்தக் காதலின் பெயரால்தான் குறைந்த சம்பளத்துக்குச் சேர்கிறார்கள். விடுமுறை நாளை இழக்கிறார்கள். சில ஆண்டுகளில் உடைந்துபோய், துறையைவிட்டே போய்விடுகிறார்கள்.

எல்லாத் துன்பத்தையும் உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. 2025 ஏப்ரலில் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 145 விழுக்காட்டுக்குப் போனபோது, பெட்டிகளையும் மரக்காய்களையும் சீனத் தொழிற்சாலைகளில் செய்யும் சிறு பதிப்பாளர்கள் நிலைகுலைந்துபோனார்கள். பொருளின் உற்பத்திச் செலவைவிட வரி அதிகம். மே மாதத்தில் அது 30 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்குள் ஸ்பிரிட் ஐலண்ட் என்ற பலகை விளையாட்டை வெளியிட்ட கிரேட்டர் தன் கேம்ஸில் பெரும்பாலோர் வேலை இழந்துவிட்டார்கள். கூட்டுநிதி மூலம் விளையாடுபவர்களிடம் முன்பணம் வாங்கி, பழைய விலையில் வாக்குக் கொடுத்துவிட்ட மூன்று பேர் நிறுவனத்தால் அந்தச் சூழலில் என்ன செய்ய முடியும்? அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அப்படிப்பட்ட புயல் வருமுன்னரே, நல்ல ஆண்டுகளில், வெட்டத் தெரிந்தவர்கள்மேல்தான் கோபம்.

கடனை ஏற்றிவிடுபவர்களையும் இதில் சேர்க்கிறேன். பலகை விளையாட்டு நிறுவனமான அஸ்மோடேயை, கணினி விளையாட்டு நிறுவனங்களை வாங்கிக் குவித்த எம்பிரேசர் குழுமம் 275 கோடி யூரோவுக்கு வாங்கியது. பிறகு குழுமத்தின் கடன் கழுத்தை நெரித்தபோது, 2024-ல் 90 கோடி யூரோ கடனை அஸ்மோடேயின் பெயரில் எடுத்து, அந்தப் பணத்தைக் குழுமத்தின் கடனைத் தீர்க்கப் பயன்படுத்திக்கொண்டு, பின்னர் அந்த நிறுவனத்தைத் தனியாகப் பிரித்துவிட்டது. பலகை விளையாட்டு விற்கும் நிறுவனம், தனக்காக வாங்காத கடனுக்கு வட்டி கட்டுகிறது. அந்த வட்டி எந்தச் செலவைக் குறைத்துக் கட்டப்படும் என்று அங்கே வேலை செய்பவர்கள் அஞ்சினால், அந்த அச்சத்தை வீண் என்று யார் சொல்ல முடியும்?

வேறு வழி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. 1988-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியில் சில விளையாட்டு வடிவமைப்பாளர்கள் ஒரு பியர் கோப்பை அட்டையில் கையெழுத்திட்டார்கள்: பெட்டியின் மேல் எங்கள் பெயர் இல்லையென்றால் எங்கள் விளையாட்டைத் தரமாட்டோம் என்று. இன்று பெட்டியின் முகப்பில் வடிவமைப்பாளரின் பெயரைப் பார்ப்பது எங்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. 2021 அக்டோபர் 14 அன்று பாத்ஃபைண்டர் என்ற கதாபாத்திர விளையாட்டை வெளியிடும் பைசோ நிறுவனத்தின் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்ததாக அறிவித்தார்கள். அந்நிறுவனத்துக்கு எழுதிவந்த ஃப்ரீலான்சர்கள் பலர் வேலையை நிறுத்தி அவர்களுக்குத் துணை நின்றார்கள். தங்களுக்கு அந்தச் சங்கத்தில் இடமே இல்லை என்று தெரிந்தும் நின்றார்கள். இந்தத் துறையில் நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் நெகிழவைத்த செயல் அது. ஒரே வாரத்தில் நிர்வாகம் சங்கத்தைத் தானாகவே ஏற்றது. 2023-ல் முதல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. நிறுவனம் மூழ்கிவிடவில்லை, புத்தகங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2021-ல் பிரிட்டனின் மேசை விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் நல்ல லாபம் ஈட்டியபோது ஊழியர் ஒவ்வொருவருக்கும், பதவி வேறுபாடு பார்க்காமல், 5,000 பவுண்டு கொடுத்தது. அந்த நிறுவனத்தின் விலைகளைப் பற்றி எனக்கு நிறையக் குறை உண்டு. இந்த ஒன்றில் அது செய்தது சரி.

ஆகவே கேட்கிறேன். லாபத்தில் இருக்கும் பிரிவில் ஆட்குறைப்புச் செய்வதற்கு முன், உயர்நிலை ஊதியத்தையும் ஈவுத்தொகையையும் பங்குகளைத் திரும்ப வாங்குவதையும் முதலில் நிறுத்துங்கள். அதன் பிறகும் ஆட்களை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், கணக்கைப் பணியாளர்களிடம் காட்டிப் பேசுங்கள், மூன்று மாதமாவது முன்னறிவிப்பும், அந்தக் காலத்துக்கு மருத்துவக் காப்பீடும் கொடுங்கள், டிசம்பரில் செய்யாதீர்கள். நீக்கப்பட்டவர் உழைத்த புத்தகம் அவர் போனபின் வெளிவந்தால் அவர் பெயர் அதில் இருக்கட்டும். ஃப்ரீலான்சருக்குப் பிரதியை ஒப்படைத்த முப்பது நாட்களுக்குள் கூலி போய்ச்சேரட்டும். மறுபதிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் படமாக்கலுக்கும் ஒரு பங்கு, சிறியதானாலும், ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும். சங்கம் அமைக்க வருபவர்களுக்கு எதிராக வழக்கறிஞர்களை அமர்த்தாதீர்கள். அந்தப் பணத்தில் இரண்டு பதிப்பாசிரியர்களை வேலையில் வைத்திருக்கலாம்.

விளையாடுபவர்களான நாங்கள் என்ன செய்வோம் என்றும் கேட்பீர்கள். 2023 ஜனவரியில், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை வைத்துப் பிறரும் தங்கள் நூல்களை வெளியிட அனுமதிக்கும் திறந்த விளையாட்டு உரிமத்தை விசார்ட்ஸ் மாற்ற முயன்றபோது என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். மக்கள் அந்த விளையாட்டின் இணையச் சேவைக்கான சந்தாக்களை ரத்துசெய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் முடிவு திரும்பப் பெறப்பட்டது. உரிமத்துக்காகக் கூடியவர்கள் மனிதர்களுக்காகவும் கூட வேண்டும் என்று என் போன்றவர்களிடம் நான் தொடர்ந்து பேசிவருகிறேன். எந்த நிறுவனம் தன் ஆட்களை எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொண்டு, அதன்படி வாங்குவோம், அதன்படி மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுப்போம்.

உங்கள் அடுத்த ஆண்டுக் கணக்கு முடிவதற்கு முன் இவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள் என்று எழுத்தில் அறிவியுங்கள். அறிவிப்பை முதலில் உங்கள் பணியாளர்களுக்கும் ஃப்ரீலான்சர்களுக்கும் அனுப்புங்கள். எங்களுக்கு அவர்கள் சொல்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுகளை நடத்திவரும் ஒருவன்