எழும்பூர் நடராஜரும் ரொதானும்

அன்பு மகளுக்கு,

நேற்று நானும் அம்மாவும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பாரிசில் இருக்கும் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று அங்கே இருக்கிறது.

நேராகச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்குத்தான் போனோம். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். கோயிலில் என்றால் பட்டும் மாலையும் போக, முகமும் தூக்கிய திருவடியும் தெரிந்தாலே பெரிது. இங்கே அலங்காரம் எதுவும் இல்லை. சுற்றி நெருப்பு வளையமான திருவாசி இல்லை, விரிந்த சடையும் இல்லை. ஆடுகிற உடம்பு மட்டும்தான். அதனாலேயே ஆட்டம் முழுசாகத் தெரிகிறது. பக்கவாட்டில் போய் நின்றேன். தோளிலிருந்து முதுகுக்கு இறங்கும் வளைவு, இடுப்பு திரும்பும் இடம், மொத்தப் பாரத்தையும் தாங்கி லேசாக மடிந்த வலது முழங்கால். சோழர் காலத்து ஸ்தபதி இதை மெழுகில் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினார். சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரே சிலை, பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த நடராஜரைப் பற்றி 1913-இல் எழுதியவர் உங்கள் ஊர்ச் சிற்பி ரொதான். அவர் சென்னைக்கு வந்ததே இல்லை. கோலுபெவ் என்ற ரஷ்ய அறிஞர் கொடுத்த புகைப்படங்களைப் பார்த்தே எழுதினார். ரொதான் 1917-இல் இறந்தார், கட்டுரை 1921-இல்தான் அச்சானது. வெறும் புகைப்படத்தில் பார்த்தவருக்கு அத்தனை தெரிந்திருக்கிறதே என்று அம்மா சொல்லிச் சொல்லி வியந்தாள்.

அப்புறம் வெளியே வந்து, ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர் கட்டி, 1909-இல் திறக்கப்பட்ட செங்கல்நிறக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தோம். பக்கத்திலேயே 1984-இல் வந்த தற்காலக் கலைக்கூடம். அங்கே அம்மாவுக்கு மனம் ஒட்டவில்லை. எனக்கு அது முக்கியம். சென்னையில் கலை பழைய சிலைகளோடு நின்றுபோகவில்லை என்பதற்கு அந்தக் கூடமே சாட்சி. ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகால் வடிவமிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பெயரைக் கவனித்தாயா? புதிதாக வரைய வந்தவர்களுக்கும் சோழர்கள்தான் நினைவுக்கு வந்திருக்கிறார்கள்.

சரி, உனக்கு ஒரு வேலை. ரொதான் வாழ்ந்து வேலை செய்த ஒதெல் பிரோன் மாளிகைதான் இப்போது அவருடைய அருங்காட்சியகம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம். தோட்டத்தில் அவர் செய்த 'சிந்தனையாளர்' சிலை இருக்கும். முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே. சுற்றி வா, முதுகைப் பார். அவசரப்படாமல் நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா