உலோகத் தகட்டில் பழங்கால இடிபாடுகள்: கடைக்குப் போகும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்கு வீட்டை அழகுபடுத்துவது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையில், பழைய இடிபாடுகளின் கறுப்பு வெள்ளைப் படங்களை அலுமினியத் தகட்டில் அச்சிட்டு மாட்டலாம் என்று ஒரு வரி வந்திருந்தது. நல்ல யோசனை. ஆனால் அந்த ஒரு வரியோடு கடைக்குப் போனால், கண் கூசும் தகட்டில் மங்கலான படம்தான் கைக்கு வரும். இத்தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறோம்.

முதலில் படம். 60க்கு 90 செ.மீ. அளவில் அச்சிட, குறைந்தது 3,600க்கு 5,400 பிக்சல் வேண்டும். கைப்பேசியில் இறக்கிய 1,200 பிக்சல் படம் அந்த அளவில் பொடிக் கட்டங்களாகச் சிதறிவிடும். தேட வேண்டிய இடம் அருங்காட்சியகங்களின் இணையச் சேகரிப்புகள். 1862இல் சிங்கப்பூர் வந்து, நம் பினாங்கிலும் தங்கிப் படமெடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன், 1866இல் கம்போடியாவின் அங்கோர் கோயில் இடிபாடுகளைப் படம்பிடித்தார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் லண்டன் வெல்கம் சேகரிப்பில் உள்ளன. பிரிட்டிஷ் படை அதிகாரி லினேயஸ் டிரைப் 1855இல் பர்மாவின் பகானையும், 1858இல் மதுரையில் சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். ஹம்பிக்கு 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த படங்கள் இருக்கின்றன. இவை பதிப்புரிமைக் காலம் கடந்தவை. இருந்தாலும் அந்தந்தச் சேகரிப்பு தன் கோப்புக்குச் சொல்லும் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

இந்தப் படங்கள் எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. தாம்சனுடையவை கண்ணாடி நெகட்டிவ். கல்லின் உளித்தடம்கூடத் தெரியும், ஒரு மீட்டருக்குப் பெரிதாக்கினாலும் தாங்கும். டிரைப்பும் கிரீன்லாவும் மெழுகு பூசிய காகித நெகட்டிவைப் பயன்படுத்தியவர்கள். காகித நார் படத்தில் மென்மையாகப் பதிந்திருக்கும். அதைக் கணினியில் கூர்மையாக்கினால் சுவரெல்லாம் மணல் தூவியது போலாகிவிடும். இவற்றை 40க்கு 50 செ.மீ.க்குள் வைத்துக்கொள்வது அழகு. டிரைப் சில நெகட்டிவ்களில் மேகங்களைத் தன் கையாலேயே வரைந்து சேர்த்தவர். அதைக் கறை என்று நினைத்து அழித்துவிட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் சிறு படத்தைப் பெரிதாக்கித் தருவதாகச் சில கடைகள் சொல்லும். இடிபாட்டுப் படங்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. இல்லாத விவரத்தை அது கற்பனையாக நிரப்புகிறது. சிற்பத்தின் முகம் மாறும். உடைந்த மூக்கு முளைக்கும். கல்வெட்டு எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கலாகும். பார்த்துக் கல்வெட்டு வாசிக்கக்கூடிய ஒரு ஆவணத்தை நாமே பொய்யாக்கிவிடுகிறோம். வண்ணம் ஏற்றுவதும் அப்படித்தான்.

அடுத்து தகடு. ஏறத்தாழ 1.1 மி.மீ. கனமுள்ள, பாலிமர் பூச்சுள்ள அலுமினியத்தில்தான் சப்ளிமேஷன் அச்சு, அதாவது சூட்டில் மையை ஆவியாக்கிப் பதிக்கும் அச்சு, பிடிக்கும். பூச்சில் பளபளப்பு வெள்ளை, பளபளப்பில்லாத மேட் வெள்ளை, உலோகம் தெரியும் ஒளிபுகு பூச்சு என வகைகள் உண்டு. கடையில் மின்னுவதைப் பார்த்துப் பலர் ஒளிபுகு பூச்சைக் கேட்கிறார்கள். இந்த அச்சில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெளுப்பான இடமெல்லாம் வெறும் உலோகமாக நிற்கும். 19ஆம் நூற்றாண்டு நெகட்டிவ்களுக்கு நீல ஒளி மிகையாக உறைக்கும் என்பதால், அக்காலப் படங்களில் வானம் பெரும்பாலும் வெற்று வெள்ளை. ஒளிபுகு பூச்சில் அடித்தால் படத்தின் மேல்பாதி முழுவதும் கண்ணாடி போல் மின்விளக்கையும் ஜன்னலையும் காட்டும். மேட் வெள்ளை கேளுங்கள்.

அச்சிடும் முறை எளிதுதான். படத்தை இடவலம் மாற்றிக் காகிதத்தில் அச்சிட்டு, தகட்டின் பாதுகாப்புப் படலத்தை உரித்து, காகிதத்தை வெப்பம் தாங்கும் நாடாவால் ஒட்டி, சுமார் 200 பாகை செல்சியசில் ஒன்று முதல் மூன்று நிமிடம் அழுத்துவார்கள். மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கும். சூடு மிஞ்சினால் கறுப்பு பழுப்பாகும், குறைந்தால் வெளிறும். காகிதம் நகர்ந்தால் தூண்களுக்கு நிழல்போல் இரட்டைக் கோடு விழும். நம் ஊர் ஈரத்தில் காகிதம் நீர் கோத்துக்கொள்வதால் திட்டுத்திட்டாக வருவது அடிக்கடி நடக்கிறது. காகிதத்தைக் குளிரூட்டிய அறையில் மூடிவைத்து, அழுத்துவதற்கு முன் சில நொடி சூடுகாட்டினால் தீரும். இடவலம் மாற்ற மறப்பதும் உண்டு. அங்கோர் வாட்டின் முகப்பு இருபுறமும் ஒத்திருப்பதால் கண்ணுக்குப் பிடிபடாது. சேகரிப்பில் உள்ள மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்ண மைகளைக் கலந்தே சாம்பல் நிறம் வருவதால், பச்சையோ இளஞ்சிவப்போ ஓடக்கூடும். முழுப் படத்துக்கு முன் 10க்கு 15 செ.மீ. மாதிரி ஒன்று அடித்து, வீட்டு விளக்கடியில் பாருங்கள். மூலப் பிரதியில் இளம்பழுப்பு இருந்தால் அதை நீக்கச் சொல்லாதீர்கள். அந்தச் சாயல் இந்தக் குறையை நன்றாக மறைக்கும்.

விலை குறைவு என்று 3 மி.மீ. கூட்டுத்தகட்டில் (இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) நேரடி யூவி அச்சு, அதாவது புறஊதா ஒளியில் மையை இறுகவைக்கும் அச்சு, தருவதும் உண்டு. அதில் மை மேற்பரப்பிலேயே நிற்கிறது; கீறினால் வெள்ளை தெரியும். கைபடாத உயரத்துக்கு மட்டும் சரி.

மாட்டும்போதுதான் பினாங்கு வீடுகளில் சிக்கல் அதிகம். 60க்கு 90 செ.மீ. தகடு இரண்டு கிலோவைத் தொடாது. கனம் பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளின் சுண்ணாம்புச் சுவர் கீழிருந்து நீரை உறிஞ்சும். தகட்டைச் சுவரோடு ஒட்டினால் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். 12 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிக்காகத் தகட்டின் பின்னால் வைக்கும் கட்டைக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வேண்டாம், ஊதிவிடும், அலுமினியமோ பி.வி.சி.யோ கேளுங்கள். சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் ஆணிப்பிடிப்பு நிற்காது. துளை உள்ளே செங்கல்வரை போக வேண்டும், அதுவும் சுத்தியல் அதிர்வு இல்லாமல். இரட்டைப்பக்க ஒட்டுநாடா நன்றாகப் பிடிக்கும், ஆனால் பெயிண்டோடு சேர்ந்து விழும். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி போன்ற கடலோர அடுக்குமாடிகளில் உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக எவர்சில்வர் திருகும் நைலான் வாஷரும் போடுங்கள். சாதாரண இரும்புத் திருகு உப்புக்காற்றில் அலுமினியத்தையும் சேர்த்து அரிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் மூலைகளை வளைவாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

நேர் வெயில் படும் சுவர் கூடாது, மை வெளுக்கும். சாமி அறைக்கு அருகில் என்றால் எண்ணெய்ப் புகை படியும். பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் மென்துணியை நனைத்துத் துடைத்தால் போதும், தின்னர் வேண்டாம். தகட்டின் பின்புறம் இடம், ஆண்டு, எடுத்தவர் பெயர், சேகரிப்பின் பெயர், எண் ஆகியவற்றை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
தகட்டு அச்சுத் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு.